பிளடி ஷாம்பிள்ஸ்: விமான இழப்புக் கணக்கின் வாசிப்பு

பிளடி ஷாம்பிள்ஸ் (1992, 1993) கிறிஸ்டோபர் ஷோர்ஸ், பிரையன் கல், யசுஹோ இசாவா ஆகிய மூவரும் இணைந்து எழுதிய விமானப் போர் வரலாற்று நூல். லண்டனின் கிரப் ஸ்ட்ரீட் பதிப்பகம் இதை இரு பாகங்களாக வெளியிட்டது. முதல் பாகம் 1941 டிசம்பரில் மலாயாவில் போர் தொடங்கியது முதல் சிங்கப்பூரின் வீழ்ச்சி வரையும், இரண்டாம் பாகம் சுமத்ரா, ஜாவா, பர்மா, இலங்கை ஆகிய இடங்களில் நடந்த விமானச் சண்டைகளையும் விவரிக்கின்றன. தலைப்பைக் ‘குருதி தோய்ந்த குளறுபடி’ என்று தமிழில் சொல்லலாம். போர்க்கால விமான இழப்புகளை ஆராய்வோர் இன்றும் தொடக்கமாகக் கொள்ளும் நூல்களில் இது ஒன்று. நேச நாட்டு ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகளையும் ஜப்பானியப் பிரிவுகளின் ஆவணங்களையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே வைத்து வாசித்தது இதன் முதன்மையான பங்களிப்பு. அந்த வாசிப்பு எந்த அளவுக்கு வென்றது, எங்கே நின்றுவிட்டது என்பதை இலங்கை மீதான 1942 ஏப்ரல் தாக்குதலைக் கொண்டு தெளிவாகப் பார்க்க முடியும்.

வெற்றிக் கணக்கும் இழப்புக் கணக்கும்

விமானச் சண்டைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. எதிரியின் விமானங்களில் எத்தனையை வீழ்த்தினோம் என்று ஒரு தரப்பு சொல்வது வெற்றிக் கணக்கு. தன் விமானங்களில் எத்தனை திரும்பவில்லை என்று அதே தரப்பு எழுதிவைப்பது இழப்புக் கணக்கு. இந்த இரண்டும் ஒரே அலுவலகத்தில் ஒரே நாளில் எழுதப்பட்டிருந்தாலும் ஒரே தரத்தில் வைத்து எண்ணத்தக்கவை அல்ல.

இதற்கு மிக நன்றாகத் தெரிந்த சான்று பிரிட்டன் விமானப் போர். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்கள் வீழ்த்தப்பட்டதாக லண்டனில் அறிவிக்கப்பட்டது. ஜெர்மானிய விமானப் படையின் தளவாடப் பிரிவுக் கோப்புகள் போருக்குப் பின் கைக்கு வந்தபோது அந்த எண் ஏறத்தாழ 60 ஆகச் சுருங்கியது. 1947இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வெளியிடப்பட்ட ஒப்பீட்டின்படி, அந்தப் போர் முழுவதிலும் ஏறத்தாழ 2,700 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டிஷ் தரப்பு சொல்லியிருந்தது. ஜெர்மானியக் கோப்புகளில் இருந்த இழப்போ 1,733. மறுபுறம் ஜெர்மானியர் 3,000க்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாகச் சொன்னார்கள். பிரிட்டிஷ் இழப்பு 915.

இந்த இடைவெளியைப் பொய் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் பெரும்பாலும் தவறு. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் இருவர் ஒரே விமானத்தைச் சுடுகிறார்கள். அது புகை கக்கியபடி மேகத்துக்குள் இறங்குகிறது. இருவரும் தனித்தனியே ‘நான் வீழ்த்தினேன்’ என்று எழுதுகிறார்கள். இருவரும் கண்டதையே எழுதினார்கள், கணக்கு மட்டும் இரண்டாகிவிடுகிறது. அந்த விமானம் தட்டுத்தடுமாறி ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் உண்மைக் கணக்கு சுழி. கண்கள் எவ்வளவு ஏமாறும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1940இல் பிரிட்டிஷ் விமானிகள் பலர் ‘ஹைன்கல் 113’ என்ற சண்டை விமானத்துடன் மோதியதாகத் தங்கள் அறிக்கைகளில் எழுதினார்கள். அப்படி ஒரு விமானம் ஜெர்மானியப் படைப்பிரிவு எதிலும் பறக்கவில்லை. அது வேறொரு மாதிரி விமானத்துக்கு வண்ணம் பூசிப் படமெடுத்துப் பரப்பிய பிரச்சாரச் செய்தி.

தன் இழப்பைப் பற்றி ஒரு படை எழுதுவது வேறு வகை ஆவணம். ஒரு விமானம் குறைந்தால் மாற்று விமானம் கேட்க வேண்டும். ஒரு விமானி திரும்பாவிட்டால் சம்பளக் கணக்கை நிறுத்த வேண்டும், வீட்டுக்குத் தந்தி அனுப்ப வேண்டும், அவருடைய பெட்டியைக் கட்டி அனுப்ப வேண்டும். இத்தனை கைகள் தொடும் செய்தியை மறைப்பது கடினம். ஆகவே எதிரியைப் பற்றி நாம் எழுதியதை எதிரி தன்னைப் பற்றி எழுதியதைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதியாயிற்று. ஷோர்ஸ் 1969இல் ஹான்ஸ் ரிங்குடன் இணைந்து எழுதிய, வட ஆப்பிரிக்கப் பாலைவன விமானப் போர் பற்றிய நூலிலேயே இந்த விதியைக் கைக்கொண்டார். ஆசியப் போருக்கு அதைக் கொண்டுவர ஜப்பானிய மொழி ஆவணங்களை வாசிக்கும் ஒருவர் தேவைப்பட்டார். இக்குஹிகோ ஹாட்டாவுடன் இணைந்து ஜப்பானியக் கடற்படையின் சண்டை விமானப் பிரிவுகளைப் பற்றி முன்பே எழுதியிருந்த இசாவா அந்த இடத்தை நிரப்பினார்.

ஸ்குவாட்ரன் நாட்பதிவேடு

பிரிட்டிஷ் விமானப் படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் மாதந்தோறும் ஒரு நாட்பதிவேட்டை நிரப்பி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதில் இரு படிவங்கள். 540ஆம் எண் படிவம் அன்றன்றைய நிகழ்ச்சிகளின் சுருக்கம். 541ஆம் எண் படிவம் ஒவ்வொரு பறப்பின் விவரம்: விமானத்தின் வகை, வரிசை எண், குழுவினர், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம். இறங்கிய நேரத்துக்குரிய கட்டம் வெறுமையாக இருந்தால் அங்கிருந்து ஓர் ஆய்வு தொடங்குகிறது. இந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற வரிசையில் உள்ளன. விமானிகளின் சண்டை அறிக்கைகள் ‘ஏர் 50’ வரிசையிலும், உயிரிழந்தோர் மற்றும் காணாமற்போனோர் பற்றிய கோப்புகள் ‘ஏர் 81’ வரிசையிலும் இருக்கின்றன.

இப்பதிவேட்டை யார் எழுதினார்கள் என்ற கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. பறந்தவர் எழுதுவதில்லை. ஸ்குவாட்ரனின் நிர்வாக அதிகாரியோ உளவு அதிகாரியோ, சில வேளைகளில் தட்டச்சு தெரிந்த ஓர் எழுத்தரோ எழுதினார். தலைமை அதிகாரி கையொப்பமிட்டார். சண்டை ஓய்ந்த மாதங்களில் அது விரிவாக இருக்கும். கிரிக்கெட் ஆட்டமும் உணவுக்கூட விருந்தும் கூட இடம்பெறும். சண்டை மூண்ட வாரத்தில், அதாவது வரலாற்றாசிரியருக்கு மிகவும் தேவைப்படும் வாரத்தில், இரண்டு வரியில் முடிந்துவிடும். சில பதிவுகள் நாட்கள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டவை. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சிதறிய ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள் பல அழிந்தே போயின. உயிர்தப்பியோர் பிற்பாடு சொன்னதைக் கொண்டு நிரப்பிய பக்கங்கள் அவற்றின் இடத்தில் கோப்பில் கிடக்கின்றன. இவ்விரு வகைப் பக்கங்களும் ஒரே படிவத்தில் ஒரே தட்டச்சு எழுத்தில் இருப்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும்.

பிளடி ஷாம்பிள்ஸ் இந்த ஓட்டைகளை உயிரோடிருந்த விமானிகளின் கடிதங்கள், நாட்குறிப்புகள், அவரவர் வைத்திருந்த பறப்புக் குறிப்பேடுகள் ஆகியவற்றால் அடைக்க முயல்கிறது. 1980களில் அவர்களில் பலர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இன்று இந்த நூலை மறுபடியும் எழுத எவராலும் முடியாது என்பதற்கு அதுவே காரணம். கோப்புகள் இருக்கும், கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

கொழும்பு, 1942 ஏப்ரல் 5

அன்று ஈஸ்டர் ஞாயிறு. நகுமோ தலைமையிலான ஜப்பானியக் கடற்படையின் ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பை நோக்கிப் புறப்பட்டன. தலைமை தாங்கிப் பறந்தவர் நான்கு மாதங்களுக்கு முன் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய மிட்சுவோ புச்சிடா. முந்தைய நாளே 413ஆம் கனடிய ஸ்குவாட்ரனின் கேட்டலினா விமானம் ஒன்று கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியிருந்தது. ஆகவே தாக்குதல் வரும் என்பது கொழும்புக்குத் தெரியும். ஆனாலும் விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் இரத்மலானையில் இருந்த 30ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன்கள் ஓடுபாதையில் ஓடத் தொடங்கின. நகரின் குதிரைப் பந்தயத் திடலில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த 258ஆம் ஸ்குவாட்ரனின் களத்தை ஜப்பானியர் அறியவில்லை. அங்கிருந்தவர்கள் ஓரளவு ஒழுங்காக மேலெழுந்தார்கள். கடற்படையின் ஃபுல்மார்களும் எழுந்தன. இந்த நேரத்தில் திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோ சுமந்து வந்த ஆறு சுவார்ட்ஃபிஷ் இரட்டை இறக்கை விமானங்கள் சண்டைக்கு நடுவே வந்து சேர்ந்து ஆறும் வீழ்ந்தன.

பிரிட்டிஷ் தரப்பு உறுதியாக வீழ்த்தியதாகச் சொன்னது 18. சர்ச்சில் தன் போர் நினைவு நூலில் இதைவிடச் சற்றுக் கூடுதலான எண்ணையே தந்தார். ஜப்பானியர் ஐம்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை வீழ்த்தியதாக எழுதினார்கள். இரு தரப்பின் இழப்புக் கணக்குகளை எதிரெதிரே வைத்தால், ஜப்பானியர் இழந்தவை 7: ஒரு ஜீரோ, பாய்ந்து குண்டு வீசும் விமானங்கள் ஆறு. பிரிட்டிஷ் தரப்பு இழந்தவை மேலெழுந்த 41 சண்டை விமானங்களில் ஏறத்தாழ 20, அவற்றோடு ஆறு சுவார்ட்ஃபிஷ்.

இந்த எண்கள் வெறும் புள்ளிவிவரத் திருத்தம் அல்ல. 18க்கு 20 என்றால் அது சமமான சண்டை. இழப்பு பெரிது என்றாலும் எதிரிக்கும் பாடம் புகட்டிய நாள் என்று அதை நினைவுகூரலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் நினைவுகூரப்பட்டது. கொழும்பில் அடிபட்டதால் ஜப்பானியர் பின்வாங்கினார்கள் என்ற கதையும் அதன்மேல் கட்டப்பட்டது. 7க்கு 26 என்றால் அது தோல்வி, அதிலும் பெரும்பகுதி தரையிலிருந்து எழும்போதே நேர்ந்த தோல்வி. வீழ்ந்த ஏழில் ஆறு சண்டை விமானங்கள் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஜீரோவுடன் நேருக்கு நேர் மோதிய ஹரிக்கேன்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மேலும் தெளிவாகும். விமானிகளின் துணிவு இதனால் குறையவில்லை. கேள்வி அவர்களிடமிருந்து எச்சரிக்கை ஏற்பாட்டை நடத்தியவர்களிடம் நகர்கிறது. ஒரு கணக்கைத் திருத்தியதால் யாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. ராப் ஸ்டூவர்ட் 2014இல் கனடிய விமானப் படையின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது: எதிர்பார்த்துக் காத்திருந்த தாக்குதல் எப்படித் திடீர்த் தாக்குதல் ஆனது? ஷோர்ஸ் குழுவினர் எண்களைச் சரிசெய்திராவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்காது.

கொழும்பு இழப்பு பற்றி நூலுக்கு நூல் எண் வேறுபடுவதற்கு வேறொரு எளிய காரணமும் உண்டு. ஹரிக்கேன் விமானப் படையுடையது. ஃபுல்மாரும் சுவார்ட்ஃபிஷும் கடற்படையுடையவை. விமானப் படையின் பதிவேடுகளை மட்டும் பார்ப்பவருக்கு ஓர் எண் கிடைக்கும், கடற்படை ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகளையும் சேர்ப்பவருக்கு வேறோர் எண். தரையில் சேதமானதைச் சேர்த்தால் மூன்றாவது எண். ‘இழப்பு’ என்ற சொல்லின் பொருளும் படைக்குப் படை மாறும். ஜெர்மானியர் சேதத்தை நூற்றுக்கு இத்தனை பங்கு என்று மதிப்பிட்டு, 60ஐ எட்டினால் விமானத்தை முழு இழப்பாகக் கொண்டார்கள். பிரிட்டிஷார் எழுத்துகளாலோ எண்களாலோ வகைப்படுத்தினார்கள். வயலில் இறங்கி இறக்கை ஒடிந்த விமானம் ஒரு பட்டியலில் இழப்பு, இன்னொன்றில் பழுது. இரு பட்டியல்களை ஒப்பிடும் முன் இரண்டும் எதை எண்ணுகின்றன என்று பார்க்காவிட்டால் சரியான எண்களிலிருந்து தவறான முடிவு வரும். பிளடி ஷாம்பிள்ஸ் இந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கிறது. அதை மேற்கோள் காட்டும் இணையக் கட்டுரைகள் அப்படிச் செய்வதில்லை.

ஜப்பானியத் தரப்பின் காகிதங்கள்

ஜப்பான் 1945 ஆகஸ்டில் தன் போர் ஆவணங்களில் பெரும்பகுதியை எரித்தது. கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டே மாதங்களில் மிட்வேயில் மூழ்கின. இருந்தும் அக்கப்பல்களின் விமானப் பிரிவுகள் ஒவ்வொரு பறப்புக்கும் எழுதிய ‘கோடோ சோஷோ’ என்ற நடவடிக்கை அறிக்கைகள் தப்பிப் பிழைத்தன. யார் எந்த அணியில் பறந்தார், எத்தனை தோட்டா செலவானது, யார் திரும்பவில்லை என்பதெல்லாம் கட்டம் கட்டமாக அவற்றில் உள்ளன. இன்று ஜப்பானிய அரசின் ஆசிய வரலாற்று ஆவண மையம் இவற்றை இணையத்தில் எவரும் காணும்படி வைத்திருக்கிறது. இசாவா பணியாற்றிய காலத்தில் இந்த வசதி இல்லை.

இந்த அறிக்கைகளின் வலிமை மிட்வே ஆய்வில் நன்றாக வெளிப்பட்டது. ஜப்பானியக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது எதிர்த்தாக்குதல் விமானங்கள் புறப்பட ஐந்து நிமிடமே இருந்தது என்று புச்சிடா தன் நூலில் எழுதியதை உலகம் அரை நூற்றாண்டு நம்பியது. ஜோனதன் பார்ஷலும் அந்தோணி டல்லியும் 2005இல் வெளியிட்ட ‘ஷாட்டர்ட் ஸ்வோர்ட்’ நூல், இந்த அறிக்கைகளில் உள்ள நேரங்களை அடுக்கிப் பார்த்து அது நடந்திருக்க முடியாது என்று காட்டியது. மேல்தளம் காவல் விமானங்களை இறக்குவதிலும் ஏற்றுவதிலும் மும்முரமாக இருந்தது. நேரில் கண்டவரின் நூலை, எவருமே வாசிக்க விரும்பாத ஒரு படிவம் வென்ற நிகழ்ச்சி அது.

எனினும் இந்தப் படிவங்களுக்கும் தனி மொழி உண்டு. நேரம் எப்போதும் டோக்கியோ நேரம். கொழும்பு நேரத்துடன் ஏறத்தாழ மூன்று மணி வேறுபாடு. அதைக் கழிக்காமல் பிரிட்டிஷ் பதிவேட்டோடு பொருத்தினால் ஒரே சண்டை இரண்டாகத் தெரியும். இழப்பைக் குறிக்க அவர்கள் பயன்படுத்திய சொற்கள் இரண்டு. ஒன்று, திரும்பவில்லை என்ற பொருளுடையது. மற்றது ‘ஜிபாகு’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தானே வெடித்தழிதல்’. சுடப்பட்டு விழுந்ததைச் சகவிமானிகள் கண்ட விமானத்துக்கு வழக்கமாக இடப்பட்ட குறி அது. தற்கொலைத் தாக்குதல் என்பது அதன் பொருளல்ல. 1944இல் தொடங்கிய காமிகாசித் தாக்குதல்களை அறிந்தவர்கள் 1942ஆம் ஆண்டு அறிக்கையில் இச்சொல்லைக் கண்டால் வழுக்கி விழ வாய்ப்பு மிகுதி.

திருகோணமலைக்கு இது நேராகத் தொடர்புடையது. ஏப்ரல் 9 அன்று நடந்த தாக்குதலில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மீது ஜப்பானிய விமானம் வேண்டுமென்றே மோதியதாக ஊரில் சொல்வார்கள், வழிகாட்டிகளும் சொல்வார்கள். தாங்கி எரிந்தது. ஒரு விமானம் விழுந்தது என்பதைப் பதிவேடு சொல்லலாம். ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை எந்தப் பதிவேடும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதைச் சொல்லக்கூடியவர்கள் விமானத்தோடு போய்விட்டார்கள். இத்தகைய கதைகளை ஆவண ஆய்வு முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஊர் எதைக் கண்டது என்பதற்கு அவை சான்று. விமானி என்ன நினைத்தார் என்பதற்குச் சான்று அல்ல.

நூலின் குறைகள்

பிளடி ஷாம்பிள்ஸின் முதல் குறை எந்தச் செய்தி எந்தக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் பக்கத்தில் காட்டாதது. ஒரு விமானத்தின் வீழ்ச்சி பற்றிய பத்தியில் ஒரு வாக்கியம் அன்றைய பதிவேட்டிலிருந்தும், அடுத்த வாக்கியம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் எழுதிய கடிதத்திலிருந்தும், மூன்றாவது ஆசிரியர்களின் ஊகத்திலிருந்தும் வந்திருக்கலாம். மூன்றும் ஒரே தொனியில், ஒரே இறந்தகால வினைமுற்றோடு நிற்கின்றன. ‘இவரை வீழ்த்தியவர் இவராக இருக்கலாம்’ என்ற பொருத்தங்கள் நூலில் நிறைய உண்டு. நேரமும் இடமும் ஒத்துவரும் இரு அறிக்கைகளை இணைப்பது நியாயமான ஊகம். ஆனால் அது ஊகம். நூலைப் படித்து எழுதுவோர் ‘இருக்கலாம்’ என்பதை முதலில் உதிர்த்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளில் அது நினைவுப் பலகைக்கு வந்துவிடுகிறது.

இரண்டாவது குறை பார்வை சார்ந்தது. சண்டை விமானி இந்நூலின் நாயகன். அவருக்குப் பெயர், பட்டம், முந்தைய வெற்றிகள் எல்லாம் உண்டு. மற்றவர்கள் மங்கலாகத் தெரிகிறார்கள். ஏப்ரல் 9 அன்று 11ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் காவல் விமானங்களின்றி நகுமோவின் கப்பற்படைக்கு மேல் சென்று குண்டு வீசின. அந்தக் கப்பற்படை விமானத் தாக்குதலுக்கு உள்ளானது அதுவே முதல் முறை. ஒரு குண்டும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. வெற்றிக் கணக்கில் இவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அதே நாளில் ஹெர்மிஸ் விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியபோது அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. ஆகவே விமான இழப்புப் பட்டியலில் அந்தக் கப்பலுக்கு இடமில்லை, முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோதிலும். இது ஆசிரியர்களின் கவனக்குறைவு அல்ல, இந்த வகை நூலின் வரம்பு. விமானத்தை அலகாகக் கொண்டு எண்ணத் தொடங்கினால் விமானம் இல்லாத இடத்தில் மரணமும் எண்ணப்படாது.

தரையில் இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அங்கொடை மனநல மருத்துவமனையில் குண்டுகள் விழுந்தன. ஊரார் இறந்தனர், பல்லாயிரம் பேர் கொழும்பைவிட்டு வெளியேறினர். ஸ்குவாட்ரன் பதிவேட்டில் இவர்களுக்குக் கட்டம் கிடையாது. நூல் அந்தக் கட்டங்களைப் பின்பற்றி நடக்கும்வரை கண்ணில் படப்போவதும் இல்லை. மைக்கேல் டாம்லின்சன் 1976இல் எழுதிய, இதே தாக்குதல் பற்றிய ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் மோமென்ட்’ எண்களில் ஷோர்ஸ் குழுவினர் அளவுக்குத் துல்லியமானது அல்ல. ஆனால் அதை வாசித்தால் அது ஒரு தீவில் நடந்த சண்டை என்ற உணர்வாவது வருகிறது.

இதே துறையின் பிற நூல்கள்

இழப்புக் கணக்கை மட்டுமே நூலாக்கியவர் டபிள்யூ. ஆர். சோர்லி. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் இழப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கும் அவருடைய ஒன்பது தொகுதிகள் 1992 முதல் 2007 வரை வெளிவந்தன. அப்படையில் இறந்தோர் 55,573 பேர். சோர்லி கதை சொல்வதில்லை. நாள், ஸ்குவாட்ரன், விமான வகை, வரிசை எண், குழுவினர் பெயர்கள், புறப்பட்ட நேரமும் தளமும், முடிவு. அவ்வளவுதான். முடிவு தெரியாத இடத்தில் தடயமின்றி இழப்பு என்று எழுதி, பெயர்கள் எந்த நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். பல நூறு பக்கங்களுக்கு இது தொடர்கிறது. நடை என்று எதுவும் இல்லாத இந்த நூல்கள்தான் இறந்தவரின் குடும்பத்தார் முதலில் கையிலெடுப்பவை. ஷோர்ஸ் குழுவினரின் நூலில் பக்கங்கள் புரட்டியும் அகப்படாத ஒரு துப்பாக்கிவீரரின் பெயர் சோர்லி பாணிப் பட்டியலில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும்.

இந்தியாவில் இந்த முறையைப் பொறுப்போடு கையாண்டவர்கள் பி. வி. எஸ். ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும். 1965 போரின் விமானச் சண்டைகள் பற்றிய அவர்களுடைய நூல் 2005இல் வெளிவந்தது. செப்டம்பர் 7 அன்று சர்கோதாவுக்கு அருகில் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹண்டர்களை வீழ்த்தியதாக பாகிஸ்தானிய விமானி எம். எம். ஆலம் பெற்ற புகழ் துணைக்கண்டம் முழுவதும் பரவியது. இந்திய இழப்புப் பதிவுகளில் அந்த ஐந்துக்கும் விமானியும் வரிசை எண்ணும் சேர்ந்து கிடைப்பதில்லை. இரண்டு நாடுகளிலும் இந்த விவாதம் நாட்டுப்பற்றின் சோதனையாக நடக்கிறது. கொழும்பில் 18 எப்படி 7 ஆனது என்பதை அறிந்தவருக்கு அது விமானச் சண்டைகளில் வழக்கமாக நேரும் ஒன்று. இந்நூலின் நேர்மை ஆலமைக் கேள்வி கேட்டதில் இல்லை. எதிரி நாட்டு ஆசிரியரைக் கேள்வி கேட்பது யாருக்கும் சுலபம். இந்தியத் தரப்பு இழந்த விமானங்களைப் பெயரும் எண்ணுமாக அச்சில் வைத்ததில் இருக்கிறது.

காணாமற்போனோர்

413ஆம் ஸ்குவாட்ரனுக்கு அந்த வாரத்தில் இரண்டு கேட்டலினாக்கள் இல்லாமற்போயின. ஏப்ரல் 4 அன்று வீழ்ந்தது லெனார்ட் பிர்ச்சாலின் விமானம். ஒன்பது பேரில் ஆறு பேர் ஜப்பானியரிடம் சிறைப்பட்டனர். 1945இல் விடுதலையான பின்னரே அன்று நடந்ததை அவர்களால் முழுமையாகச் சொல்ல முடிந்தது. கொக்கல தளத்தில் பதிவேட்டை எழுதியவருக்கு அன்று தெரிந்தது செய்தி பாதியில் நின்றது என்பது மட்டும். பிர்ச்சால் ‘இலங்கையைக் காத்தவர்’ என்று புகழப்பட்டார். அவர் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு.

ஏப்ரல் 9 அன்று இன்னொரு கேட்டலினா அதே கப்பற்படையைக் கண்டுபிடித்தது, அதே போலச் செய்தி அனுப்பத் தொடங்கியது, அதே போல நின்றுபோனது. குழுவில் எவரும் தப்பவில்லை. பிற்பாடு வந்து சொல்ல ஆள் இல்லாததால் பதிவேட்டில் அந்த விமானம் இன்றும் திரும்பி வராத விமானமாகவே இருக்கிறது. அதன் முடிவுக்கான சாட்சியம் அதைச் சுட்டவர்களின் நடவடிக்கை அறிக்கையில் மட்டும் உள்ளது. இசாவா போன்ற ஒருவர் அந்தப் படிவத்தை எடுத்து வாசித்து, டோக்கியோ நேரத்தைக் கொழும்பு நேரமாக மாற்றிப் பொருத்தியதால்தான் அந்த விமானத்துக்கு ஒரு கடைசி நேரம் கிடைத்தது. உடல் கிடைக்காத விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவுச் சின்னத்தின் தூண்களில் இருக்கின்றன. அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு, நேரம் குறிக்கப்படுவதில்லை.